ஒரே பெயர், வேறு வேறு மக்கள்: வெனெட்டி குழப்பத்தின் பின்னணி

ஐரோப்பாவின் பழங்கால வரைபடம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். இத்தாலியின் வடகிழக்கு மூலையில் 'வெனெட்டி' என்று இருக்கும். அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பிரான்சின் அட்லாண்டிக் கரையிலும் அதே 'வெனெட்டி'. கிழக்கே போலந்தின் விஸ்துலா ஆற்றங்கரையில் 'வெனெதி' அல்லது 'வெனெடி'. இது போதாதென்று ஹோமரின் இலியட் காவியத்தில், இன்றைய துருக்கியின் கருங்கடல் ஓரத்தில் 'எனெதோய்' என்றொரு கூட்டம் வருகிறது.

இணையத்தில் சுற்றும் வரைபடங்கள் இந்தப் புள்ளிகளை எல்லாம் அம்புக்குறிகளால் இணைத்துவிடுகின்றன. ஐரோப்பா முழுவதையும் ஆண்ட ஒரே வெனெட்டி இனம் என்று சில பதிவுகள். சுலோவேனியர்களின் உண்மையான மூதாதையர் இவர்களே என்று வேறு சில. வெனிஸ் பகுதியின் தன்னாட்சிக் கோரிக்கை செய்தியில் வரும்போதெல்லாம் 'மூவாயிரம் ஆண்டு வெனெட்டி இனம்' என்ற பேச்சும் கூடவே வருகிறது. இவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு வெனெட்டியையும் முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எதை வைத்துத் தீர்மானிப்பது?

இரண்டு கூட்டங்கள் ஒரே மக்கள் என்று சொல்ல, பெயர் ஒற்றுமை ஒரு துப்பு மட்டுமே. அதற்கு மேல் மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும்.

1. அவர்கள் பேசிய மொழி என்ன? அதை நேரடியாகக் காட்டும் கல்வெட்டோ எழுத்தோ இருக்கிறதா?
2. அவர்கள் விட்டுச்சென்ற பொருட்கள், புதைகுழிகள், ஊர்கள் ஒரே மரபைக் காட்டுகின்றனவா?
3. ஒரு கூட்டம் இங்கிருந்து அங்கே போனது என்பதற்குக் காலவாரியான தடயம் உண்டா?

மூன்றுக்கும் பதில் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான்: ஏட்ரியாட்டிக் கடலோரத்தில்.

ஏட்ரியாட்டிக் வெனெட்டி: நன்றாகத் தெரிந்தவர்கள்

இவர்களின் நாடு இன்றைய இத்தாலியின் வெனெத்தோ மாநிலமும் அதன் சுற்றுப்புறமும். எஸ்தே, பதுவா இரண்டும் தலையாய ஊர்கள். விச்சென்சா, ஒதெர்சோ, கடலோர அல்தினோ ஆகியவையும் இவர்களுடையவை. கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் தொடக்கம் முதல் இங்கே வளர்ந்த பண்பாட்டைத் தொல்லியலாளர்கள் 'எஸ்தே பண்பாடு' என்பார்கள். அதன் அடையாளப் பொருள் 'சித்துலா' எனப்படும் வாளி வடிவ வெண்கலப் பாத்திரம். வெண்கலத் தகட்டில் வரிசை வரிசையாக விருந்து, விலங்குகள், போர்க் காட்சிகளைப் புடைப்பாகத் தட்டி எடுத்திருப்பார்கள். எஸ்தேயில் கிடைத்த பென்வெனூத்தி சித்துலா சுமார் கி.மு. 600ஐச் சேர்ந்தது.

குதிரைக்கும் இவர்கள் பேர்போனவர்கள். சிரக்யூஸ் நகரை ஆண்ட டயோனீசியஸ் தன் பந்தயக் குதிரை லாயத்துக்கு வெனெட்டி நாட்டிலிருந்துதான் குதிரை எடுத்தான் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

இவர்களைப் பற்றி உறுதியாகப் பேச முடிவதற்குக் காரணம் எழுத்து. இத்தாலியின் இன்னொரு பழைய மக்களான எட்ருஸ்கர்களின் எழுத்தை எடுத்துத் தங்கள் மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து 1ஆம் நூற்றாண்டு வரை 300க்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகளும் பொறிப்புகளும் கிடைத்துள்ளன. எஸ்தேயில் ரெய்தியா என்ற பெண் தெய்வத்துக்கு ஒரு கோவில் இருந்தது. அங்கே காணிக்கையாக வந்தவை எழுத்தாணிகளும், எழுத்துப் பயிற்சி பொறித்த வெண்கலப் பலகைகளும். எழுதப் படிக்கக் கற்பதையே வழிபாடாக்கிய கோவில் பழைய ஐரோப்பாவில் அரிது.

அங்கே கிடைத்த ஒரு வெண்கல ஆணியின் வாசகம் 'மெகோ டோனஸ்டோ' என்று தொடங்குகிறது. 'என்னைக் கொடுத்தாள்' என்று ஆணியே பேசுகிறது. எகெயோதோரா என்ற பெண், ஐமோஸ் என்பவனுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ரெய்தியாவுக்குக் கொடுத்தது என்பது முழு வாசகத்தின் பொருள். இந்த மொழியை வெனெட்டிக் என்கிறார்கள். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது, லத்தீனுக்கு நெருக்கமானது, ஆனால் லத்தீன் அல்ல. 'என்னை' என்பதற்கு லத்தீனில் 'மே' போதும். வெனெட்டிக்கின் 'மெகோ' ஜெர்மானிய மொழிகளின் வடிவத்தை ஒத்தது.

அரசியலிலும் இவர்களுக்கு ஒரு தனிப் போக்கு. இன்றைய பிரான்ஸ் பக்கத்துக் கெல்ட்டு மக்களான கால் (Gaul) இனத்தார் வட இத்தாலியில் இறங்கி ரோமைக் கொள்ளையடித்தபோது, வெனெட்டி அவர்களுடைய நாட்டுக்குள் புகுந்ததால்தான் கால்கள் ரோமுடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள் என்பது கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ் தரும் செய்தி. கி.மு. 225இல் கால்களுடன் மறுபடி பெரும் போர் மூண்டபோது, வெனெட்டியும் பக்கத்துக் கெனோமானியும் சேர்ந்து 20,000 பேரை ரோமின் பக்கம் திரட்டினார்கள். அப்புறம் நடந்தது போர் இல்லாத கரைதல். கி.மு. 174இல் பதுவாவில் உள்நாட்டுக் கலகம் வந்தபோது, அதை அடக்க ரோமிலிருந்து கான்சல் எனப்படும் தலைமை ஆட்சியாளர் வந்தார். கி.மு. 89இல் லத்தீன் உரிமை எனப்படும் பாதிக் குடியுரிமை, கி.மு. 49இல் ரோமக் குடியுரிமை. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் இத்தாலியைப் பதினொரு மண்டலங்களாகப் பிரித்தபோது பத்தாவது மண்டலத்தின் பெயர் 'வெனெத்தியா, ஹிஸ்த்ரியா'. வெனெட்டிக் மொழி அந்த நேரத்தில்தான் எழுத்திலிருந்து மறைகிறது. கி.மு. 59இல் பதுவாவில் பிறந்த லிவி லத்தீனில் ரோம வரலாறு எழுதிப் பேர் வாங்கினார்.

டிராய்க் கதை எங்கிருந்து வந்தது?

அந்த லிவி தன் வரலாற்றைத் தொடங்கும் இடமே சொந்த ஊர்க் கதைதான். டிராய் வீழ்ந்த பிறகு அந்தேனோர் என்ற டிராய்ப் பெரியவர், கருங்கடல் ஓரத்துப் பாஃப்லகோனியாவிலிருந்து துரத்தப்பட்ட எனெதோய் மக்களைக் கூட்டிக்கொண்டு ஏட்ரியாட்டிக் கடலின் முனைக்கு வந்து குடியேறினார் என்கிறார்.

இந்தக் கதை உருவான விதத்தை ஊகிப்பது கடினமல்ல. பெரும்பாலான கிரேக்க வழக்குகளில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'வ' ஒலி தேய்ந்துபோயிருந்தது. எனவே 'வெனெத்' என்பது அவர்கள் வாயில் 'எனெத்' ஆனது. ஏட்ரியாட்டிக்கில் வணிகம் செய்த கிரேக்கர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும், பள்ளிப் பாடமாகவே மனப்பாடமாக இருந்த இலியட்டில் தேடினார்கள். அதில் டிராய்க்குத் துணை வந்த படைகளின் பட்டியலில், காட்டுக் கோவேறு கழுதைகளின் நாட்டு எனெதோய் தயாராக இருந்தார்கள். கோவேறு கழுதைக்கும் குதிரைக்கும் கூட முடிச்சுப் போட்டாயிற்று.

ரோமுக்கும் இது வசதி. ரோமர்களும் டிராயிலிருந்து வந்த ஏனியஸின் வழி என்று சொல்லிக்கொண்டவர்கள். அப்படியானால் வெனெட்டி பங்காளிகள். கூட்டணிக்கு இதைவிட நல்ல உறவுமுறை வேறென்ன வேண்டும்? பாஃப்லகோனியாவிலிருந்து ஒரு குடியேற்றம் வந்ததற்கான தொல்லியல் தடயம் எஸ்தே பண்பாட்டில் இல்லை. அது உள்ளூரிலேயே படிப்படியாக வளர்ந்தது. ஆனாலும் கதை சாகவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பதுவாவில் கிடைத்த எலும்புகளை அந்தேனோருடையவை என்று அறிவித்து 1283இல் கல்லறை கட்டினார்கள். அது இன்றும் நகர நடுவில் நிற்கிறது.

அட்லாண்டிக் வெனெட்டி: ஒரே போரில் முடிந்தவர்கள்

பிரான்சின் பிரித்தானி தீபகற்பத்தின் தென்கரையில், இன்றைய மொர்பிஹான் பகுதியில் இருந்தவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இவர்களை அழித்தவர் எழுதியது. அதாவது ஜூலியஸ் சீசர். அதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

கி.மு. 57-56 குளிர்காலத்தில் ரோமப் படைக்குத் தானியம் கேட்டுப் போன அதிகாரிகளில் இருவரை வெனெட்டி பிடித்து வைத்துக்கொண்டார்கள். முன்பு ரோமர்கள் வாங்கிப் போன தங்கள் பிணையாட்களைத் திருப்பித் தந்தால் விடுவோம் என்றார்கள். சீசர் போருக்குக் கிளம்பினார். அவர் சொல்லும் காரணம் தூதர்களுக்கு நேர்ந்த அவமதிப்பு. அவரே தரும் இன்னொரு தகவலையும் சேர்த்துப் பார்க்கலாம்: அந்தக் கரையில் அதிகக் கப்பல் வைத்திருந்தவர்கள் வெனெட்டி; பிரிட்டனுக்குப் போய்வந்தவர்கள்; துறைமுகங்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கடலில் ஓடும் எல்லோரிடமும் சுங்கம் வாங்கியவர்கள்.

ஊர்கள் கடலுக்குள் நீண்ட நிலமுனைகளில் இருந்தன. ஓதம் ஏறினால் நடந்து போக முடியாது. வடிந்தால் கப்பல் தரைதட்டும். ரோமர்கள் அணை கட்டி ஊரை நெருங்கினால், உள்ளே இருப்பவர்கள் சாமான்களுடன் கப்பல் ஏறி அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள். கப்பல்களும் அந்தக் கடலுக்கென்றே செய்தவை: ஓக் மரம், தட்டையான அடி, உயர்ந்த முகப்பு, கட்டைவிரல் தடிமனுள்ள இரும்பு ஆணிகள், நங்கூரத்துக்குக் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி, தோலால் ஆன பாய். ரோமக் கப்பல்கள் மோதினால் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியில் திறந்த கடலில் சுமார் 220 வெனெட்டிக் கப்பல்கள் ரோமத் தளபதி டெசிமஸ் புரூட்டஸின் படையை எதிர்கொண்டன. ரோமர்கள் நீண்ட கழிகளின் முனையில் அரிவாள் கட்டி, பாயைத் தாங்கும் கயிறுகளை இழுத்து அறுத்தார்கள். துடுப்பு இல்லாத கப்பலுக்குப் பாய் விழுந்தால் எல்லாம் முடிந்தது. மிச்சம் இருந்தவை தப்ப நினைத்தபோது காற்றும் நின்றுவிட்டது. தலைவர்களின் அவை முழுவதையும் கொன்று, மற்றவர்களை அடிமைகளாக விற்றதாகச் சீசர் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போகிறார். அது எந்த அளவு நடந்தது என்பது வேறு. பெயர் என்னவோ அழியவில்லை. பாரிசி இனத்தின் பெயர் பாரிஸ் ஆனதைப் போல, இவர்களின் பெயர் அங்குள்ள வான் (Vannes) என்ற நகரத்தின் பெயராக நின்றது. பிரித்தானியின் சொந்த மொழியான பிரெத்தோனில் அது குவேனெத்.

இவர்களும் ஏட்ரியாட்டிக்காரர்களும் ஒன்றா? ஸ்ட்ராபோ அப்படி நினைத்தார். அட்லாண்டிக் வெனெட்டியே ஏட்ரியாட்டிக்கில் போய்க் குடியேறியிருக்கலாம் என்று எழுதிவிட்டு, இதை அடித்துச் சொல்லவில்லை, இப்படிப்பட்ட விஷயங்களில் ஊகமே போதும் என்று சேர்த்துக்கொள்கிறார். இன்றைய பதிவர்களில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்ட்ராபோவுக்கு நூறு ஆண்டுக்கு மேல் முந்திய போலிபியஸ், ஏட்ரியாட்டிக் வெனெட்டி உடையிலும் பழக்கத்திலும் கெல்ட்டுகளைப் போலிருந்தாலும் மொழி வேறு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கல்வெட்டுகள் அவர் சொன்னதையே உறுதிசெய்கின்றன. அட்லாண்டிக் வெனெட்டியோ கால் நாட்டின் கெல்ட்டுகளில் ஒரு பிரிவினர்.

விஸ்துலா வெனெதி: வெளியார் சொன்ன பெயர்

இங்கே கல்வெட்டு இல்லை. சொந்த எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை. இருப்பதெல்லாம் தூரத்தில் உட்கார்ந்து எழுதிய ரோமர்களின் வரிகள். கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பிளினி விஸ்துலாப் பக்கம் 'வெனெடி' இருப்பதாகப் பட்டியலில் சேர்க்கிறார். டாசிடஸ் கி.பி. 98இல், இவர்களை ஜெர்மானியரோடு சேர்ப்பதா சர்மாத்தியரோடு சேர்ப்பதா என்று தயங்குகிறார். கடைசியில் ஜெர்மானியர் பக்கம் சாய்வதற்கு அவர் சொல்லும் காரணம், இவர்கள் நிலையான வீடு கட்டுகிறார்கள், கேடயம் ஏந்துகிறார்கள், நடந்து போகிறார்கள் என்பது. சர்மாத்தியர்கள் வண்டியிலும் குதிரையிலும் வாழ்பவர்கள். மொழியைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடுத்த பெரிய குறிப்பு 551 வாக்கில் எழுதிய வரலாற்றாசிரியர் யோர்டானெஸ் தருவது. விஸ்துலாவின் ஊற்றுப்பக்கம் தொடங்கிப் பரந்த நிலத்தில் வெனெதி வாழ்கிறார்கள், இப்போது அவர்களின் முக்கியப் பெயர்கள் சிக்லாவேனி, அந்தெஸ் என்கிறார். இந்தச் சிக்லாவேனி, ரஷ்யர், போலந்துக்காரர் போன்றோர் அடங்கிய மொழிக் குடும்பத்தாரான சிலாவியர்கள்தான். ஆக, 6ஆம் நூற்றாண்டில் வெனெதி என்றால் சிலாவியர். ஆனால் 450 ஆண்டு முன்பு டாசிடஸ் கேள்விப்பட்ட வெனெதியும் அவர்கள்தானா, அல்லது அதே நிலத்தில் பிறகு வந்தவர்களுக்குப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டதா என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள்.

ஒட்டிக்கொண்ட பெயர் நீடித்தது. ஜெர்மானியர்கள் கிழக்கே இருந்த சிலாவியர்களை 'வெந்தென்' என்றார்கள். கிழக்கு ஜெர்மனியின் சோர்பியர்களுக்கு அந்தப் பெயர் வெகுகாலம் வழங்கியது. ஆஸ்திரியாவில் சுலோவேனியர்களை 'விண்டிஷ்' என்றார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் ரஷ்யாவை இன்றும் 'வெனேயா' என்றே அழைக்கிறார்கள்.

ஒரே பெயர் பல இடத்தில் எப்படி?

1. தனித்தனியாகத் தோன்றுவது. 'வென்' என்ற இந்தோ-ஐரோப்பிய வேருக்கு விரும்புதல், அன்பு கொள்ளுதல் என்று பொருள். லத்தீனில் காதல் தெய்வம் வீனஸின் பெயர் இதிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் நண்பனுக்கான சொல்லும் அப்படியே. வெனெட்டி என்ற பெயருக்கு 'அன்புக்குரியோர், உறவினர்' என்பது போன்ற பொருளைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கிறார்கள். 'நம்மவர்' என்று தங்களை அழைத்துக்கொள்ள எந்தக் கூட்டத்துக்கும் தோன்றும்.

2. அண்டை வீட்டார் சூட்டுவது. வோல்க்கே என்ற ஒரு கெல்ட்டு இனத்தின் பெயரை ஜெர்மானியர்கள் எல்லா அந்நியர்களுக்கும் நீட்டினார்கள். பிரிட்டனில் வேல்ஸ், பெல்ஜியத்தில் வல்லோனியா, ருமேனியாவில் வாலாக்கியா எல்லாம் அந்த ஒரு பெயரின் மிச்சங்கள். அதனால் வேல்ஸ்காரரும் ருமேனியரும் ஒரே இனம் ஆகிவிடுவார்களா? நமக்குப் பழக்கமான 'யவனர்' என்ற சொல்லும் இந்த வகைதான். அயோனியக் கிரேக்கர்களின் பெயர், சங்க இலக்கியத்தில் கடல்கடந்து வந்த கிரேக்க, ரோமருக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

3. படித்தவர்கள் கொண்டுவந்து ஒட்டுவது. ஹோமரின் எனெதோய் இப்படி ஏட்ரியாட்டிக்குக்கு வந்தவர்கள். இடைக்காலத் துறவிகள் சிலாவியர்களைப் பற்றி எழுதும்போது பழைய லத்தீன் நூல்களின் எழுத்துக்கூட்டலைப் பின்பற்றி 'வெனெட்டி' என்று எழுதியதும் இந்த வகை.

சுலோவேனிய வாதம்: மொழியே பதில் சொல்கிறது

1980களில் யூகோசுலாவியா ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரத்தில், யோஷ்கோ ஷாவ்லி, கவிஞர் மத்தேய் போர், இவான் தொமாஷிச் ஆகியோர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சுலோவேனியர்கள் 6ஆம் நூற்றாண்டில் வந்த தென் சிலாவியர்கள் அல்ல; பழைய வெனெட்டியின் நேர் வாரிசுகள் என்றார்கள். யூகோசுலாவியத் தலைநகர் பெல்கிரேடின் ஆட்சியிலிருந்து பிரிய விரும்பிய நாட்டில் இந்தக் கருத்துக்கு ஏன் கிராக்கி இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1991இல் விடுதலையும் வந்தது.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய சுலோவேனியாவின் மேற்கு ஓரத்திலும் வெனெட்டிக் எழுத்துகள் கிடைத்துள்ளன. வாச்சே என்ற ஊரில் கிடைத்த சித்துலா அந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று. சுலோவேனிய நிலத்தில் வெனெட்டித் தொடர்பு இருந்தது என்பது உண்மை. சிக்கல், கல்வெட்டுகளைச் சுலோவேனிய மொழியில் 'படித்ததில்' இருக்கிறது. வெனெட்டிக்கில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. இஷ்டப்பட்ட இடத்தில் வெட்டி, ஒலி ஒத்துப்போகும் இன்றைய சொல்லைப் பொருத்தினால் எந்த மொழியிலும் எதையாவது படித்துவிடலாம். முறையாகப் பார்த்தால் இப்படி இருக்கிறது:

1. 'சகோதரனுக்கு' என்பது வெனெட்டிக்கில் 'ஃப்ராதெரெய்'. லத்தீனில் 'ஃப்ராத்தெர்', சமஸ்கிருதத்தில் 'ப்ராத்ரு'. பழைய 'ப்ஹ' ஒலி லத்தீனிலும் வெனெட்டிக்கிலும் 'ஃப' ஆனது. சிலாவிய மொழிகளில் 'ப' ஆனது. சுலோவேனியத்தில் சகோதரன் 'பிராத்'. 'ஃப' ஆகிவிட்ட ஒலி திரும்ப 'ப' ஆகி, மற்ற எல்லாச் சிலாவிய மொழிகளுடனும் கச்சிதமாகப் பொருந்தியது என்று யாரும் காட்டவில்லை.

2. குதிரைக்கான வெனெட்டிக் அடிச்சொல் 'எக்வோ'. லத்தீனில் 'எக்வுஸ்', சமஸ்கிருதத்தில் 'அச்வ'. சுலோவேனியத்தில் 'கோன்'. குதிரைக்குப் பேர்போன மக்கள் அந்தச் சொல்லையா தொலைப்பார்கள்?

3. மேலே சொன்ன ஆணியில் 'பிள்ளைகளுக்கு' என்பது 'லௌதெரோபோஸ்'. கடைசியில் வரும் 'போஸ்', பன்மையில் நம்முடைய 'கு' உருபின் வேலையைச் செய்கிறது. லத்தீனில் இது 'புஸ்'. 'எல்லோருக்கும்' என்ற லத்தீன் சொல் 'ஓம்னிபுஸ்'. நம் ஊர் ஆம்னி பஸ்ஸின் பின்பாதி இந்த உருபுதான். சிலாவிய மொழிகளில் இந்த இடத்தில் 'ம்' வரும். சுலோவேனியத்தில் பிள்ளைகளுக்கு என்பது 'ஓத்ரோகோம்'.

இதில் மூன்றாவதுதான் வலுவானது. சொற்களைக் கடன் வாங்கலாம். வேற்றுமை உருபுகளை மொழிகள் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. போதாக்குறைக்குக் காலமும் இடிக்கிறது. கடைசி வெனெட்டிக் எழுத்து கி.மு. 1ஆம் நூற்றாண்டு, ஆல்ப்ஸின் கிழக்குச் சரிவில் சிலாவியர்கள் வந்து சேர்வது கி.பி. 6ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. நடுவில் ஆறு நூற்றாண்டு லத்தீன் ஆட்சி.

வெனிஸ், வெனிஸ் மொழி, இன்றைய அரசியல்

செய்திகளில் குழம்பும் இன்னொரு இடம் இது. வெனெட்டிக் வேறு, இன்றைய வெனெத்தோ மாநிலத்தில் பேசப்படும் வெனிஸ் மொழி வேறு. இரண்டாவது லத்தீனிலிருந்து பிறந்தது; இத்தாலியன், பிரெஞ்சு போல ஒரு ரோமானிய மொழி. ரெய்தியா கோவிலில் எழுதப் படித்த பெண்ணுக்கு வெனிஸ் படகோட்டியின் பேச்சு புரிந்திருக்காது.

வெனிஸ் நகரமும் வெனெட்டி கட்டியது அல்ல. 568இல் லாங்கோபார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இத்தாலிக்குள் நுழைந்தபோது, அல்தினோ முதலிய ஊர்களிலிருந்து காயலுக்குள் ஒதுங்கிய ரோம மாகாணத்து மக்களின் வழிவந்தது அது. அவர்கள் கொண்டுபோனது மாகாணத்தின் பெயரை. அந்தப் பெயர் அட்லாண்டிக்கையும் தாண்டியது. 1499இல் தென் அமெரிக்கக் கரையை அடைந்த ஸ்பானியக் கடலோடி ஒஹேதாவின் குழு, தண்ணீரில் தூண் நட்டுக் கட்டிய வீடுகளைப் பார்த்து 'குட்டி வெனிஸ்' என்ற பொருளில் வெனிசுவேலா என்று பெயரிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

அரசியலுக்கு வந்தால், 2014இல் வெனெத்தோ மாநிலம் தனிநாடு பற்றிய வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2017 அக்டோபர் 22இல் கூடுதல் தன்னாட்சி கேட்டு நடந்த வாக்கெடுப்பில் சுமார் 57 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்; அவர்களில் 98 சதவீதம் ஆதரவு. இந்தக் கோரிக்கையின் முதுகெலும்பு வரிப்பணம்: பணக்கார மாநிலத்தின் வரி ரோமுக்குப் போய் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது. வரலாறு வேண்டுமானாலும் 1797 வரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற வெனிஸ் குடியரசு அவர்களுக்குக் கைவசம் இருக்கிறது. அதற்கும் பின்னால் போய் எஸ்தே வெனெட்டியைத் தொடும்போது இன்னொன்றும் கூடவே வருகிறது: மொழி உட்பட எல்லாவற்றையும் கொடுத்து, சண்டையில்லாமல் ரோமோடு கலந்தவர்கள் அவர்கள்.